சந்திப்பில் சிலை வேண்டாம், சரியான இடத்தில் ஒரு கல் போதும்

கேள்வி: எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் பதினோரு ஆண்டு வேலை பார்த்த தலைமைக் காவலர் ஒருவர், கடந்த மார்ச்சில் இரவு வாகனச் சோதனையில் நின்றிருந்தபோது, நிறுத்தாமல் போன சரக்கு வாகனம் மோதி இறந்துவிட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வரும் மார்ச்சில் முதலாண்டு நினைவு நாள். அவர் இறந்த சந்திப்பிலேயே மார்பளவுச் சிலையும் பளிங்குக் கல்வெட்டும் வைப்பதென்று வியாபாரிகள் சங்கமும் ஊர் இளைஞர்களும் முடிவு செய்து நிதி திரட்ட ஆரம்பித்துவிட்டோம். அவர் மனைவியிடம் கேட்டால் "உங்க விருப்பம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எந்தக் கல் நல்லது? என்ன எழுதலாம்? அந்தச் சாலைக்கே அவர் பெயரை வைக்க முடியுமா?
வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஒருவர், தமிழ்நாடு

பதில்: வணக்கம். நிதி திரட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இன்ன இடத்தில் இன்னது வைக்கிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டால், பிறகு இடத்தையோ பொருளையோ மாற்றும்போது ஊரில் பேச்சு வரும். உங்கள் திட்டத்தில் மாற்ற வேண்டியவை இருக்கின்றன.

அந்தச் சந்திப்பில் சிலை வைக்க முடியாது. பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம், பொதுப் பயன்பாட்டு இடம் எதிலும் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டிருக்கிறது. தெருவிளக்கு, போக்குவரத்து போன்ற பொதுப்பணிகளுக்குத்தான் விலக்கு. "எல்லா ஊரிலும் வைக்கிறார்களே" என்று ராத்திரியோடு ராத்திரியாக வைத்துவிடுவதும் உண்டு. ஆறு மாதம் கழித்து யாராவது மனுப் போட்டால் வருவாய்த் துறை அகற்ற வரும், பாதுகாப்புக்குக் காவல் துறை நிற்க வேண்டும். எந்த நிலையத்தில் அவர் வேலை பார்த்தாரோ அந்த நிலையத்துக்காரர்களே அவர் சிலையை அகற்றுவதற்குக் காவல் நிற்கும் நிலையை உண்டாக்காதீர்கள்.

சிலை என்பதே எனக்கு ஒப்புதல் இல்லை, காரணம் சட்டம் மட்டும் அல்ல. சிறிய நிதியில் கிடைப்பது சிமென்ட் சிலை அல்லது ஃபைபர் சிலை. முகம் அமைவது அதிர்ஷ்டம். மூக்கும் தாடையும் கொஞ்சம் தவறினாலும் வீட்டார் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். வெயிலில் ஃபைபர் வெளுக்கும், சிமென்டுக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்க வேண்டும், அடிக்கும் ஒவ்வொருவர் கையிலும் முகம் கொஞ்சம் மாறும். எழுத்து வெட்டிய கல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இடத்துக்கு உங்களிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது காவல் நிலைய வளாகம். ஆய்வாளரிடம் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டாம், அவர் மாறுதலாகிப் போய்விடுவார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பெயருக்கு, டி.எஸ்.பி. அலுவலகம் வழியாக மனுக் கொடுங்கள். கல்லின் அளவு, வரைபடம், எழுதப்போகும் வாசகம், வளாகத்தில் எந்த மூலை, செலவு யாருடையது, பராமரிப்பு யார் பொறுப்பு, இவை ஆறும் மனுவில் இருக்கட்டும். குடும்பத்தார் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள். அதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: நிலையம் சொந்தக் கட்டடத்தில் இருக்கிறதா, வாடகைக் கட்டடத்திலா? புதுக் கட்டடம் எதுவும் ஒப்புதலில் இருக்கிறதா? நிலையம் இடம் மாறிப்போய், கல் மட்டும் யாருடைய காம்பவுண்டிலோ நிற்பது அடிக்கடி நடக்கிற கதை.

இரண்டாவது, அவர் படித்த பள்ளி. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும், தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அதிகாரிகளின் அனுமதியும் வேண்டும். மூன்றாவது, சங்கத்துக்கோ தனியாருக்கோ சொந்தமான பட்டா நிலம். இதில் அனுமதி எளிது. ஆனால் நிலம் கைமாறினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது நிலைய வளாகம்தான், அதிலும் மனுக் கொடுக்க வருகிற மக்கள் உட்காரும் மரத்தடிப் பக்கம். அங்கே படிக்க நேரம் இருக்கும். சாலைச் சந்திப்பில் வண்டியில் போகிறவர் ஒரு எழுத்தும் படிக்கப் போவதில்லை.

சாலைக்குப் பெயர் வைப்பது நகர்மன்றத் தீர்மானத்தில் தொடங்கி மேலே போக வேண்டிய வேலை, மார்ச்சுக்குள் முடியாது. கவுன்சிலர் ஒருவர் மூலம் தனியாகத் தொடங்கி வையுங்கள், கல்லோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள்.

அடுத்தது அவர் மனைவி சொன்ன "உங்க விருப்பம்". அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது பேர் வாசலில் வந்து நின்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? இரண்டே பேர் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தேதி, இடம், வாசகம் எதையும் முடிவு செய்யாமல் போங்கள். கல் அவர்கள் அன்றாடம் பார்க்கும் இடத்தில் இருப்பது சம்மதமா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் இருந்தால் தாங்குவார்களா, படம் வேண்டுமா வேண்டாமா, மத அடையாளம் ஏதாவது இருக்க வேண்டுமா, பெயர் எப்படி எழுத வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அன்றைக்கே எதிர்பார்க்காமல், எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்துப் போங்கள். காவலரின் அப்பா அம்மா தனியாக இருந்தால் அவர்களையும் பாருங்கள். மனைவிக்கும் பெற்றோருக்கும் பேச்சு இல்லாத குடும்பங்களும் உண்டு. ஒரு தரப்பு கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கல் நட்டால், திறப்பு விழா அன்றைக்கு மறு தரப்பு வந்து நிற்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுங்கள். பள்ளியில் அவர் பெயரில் ஒரு பரிசு வைத்தாலும் போதும்.

இனி வாசகம். வேலையில் பாதி இதுதான், பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிக்கப்படுவதும் இதுதான். செங்கம் பக்கம் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் பாருங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், என்ன சண்டை, தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் கல் என்று நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். அடைமொழி கிடையாது. ஆயிரம் ஆண்டு கழித்துப் படித்தாலும் என்ன நடந்தது என்று புரிகிறது. இன்றைய கல்வெட்டுகளில் "மாவீரர், தியாகச் செம்மல், ஊரின் விடிவெள்ளி" என்று மூன்று வரி போன பிறகும் அவர் எப்படி இறந்தார் என்று தெரிவதில்லை. செய்ததைச் சொல்லுங்கள், புகழைப் படிக்கிறவரிடம் விட்டுவிடுங்கள். மாதிரிக்கு ஒன்று:

(பெயர்)
தலைமைக் காவலர், (ஊர்) காவல் நிலையம்
(பிறந்த ஆண்டு) – (மறைந்த ஆண்டு)
(தேதி) இரவு, (சாலை) சந்திப்பில் வாகனச் சோதனைப் பணியில் இருந்தபோது சரக்கு வாகனம் மோதி உயிர் நீத்தார். பதினோரு ஆண்டு இந்த ஊருக்குக் காவலாக இருந்தார்.
இந்த ஊர் மக்கள் வைத்த கல்.

இவ்வளவு போதும். நீட்டினாலும் 45 சொல்லைத் தாண்ட வேண்டாம். "கொலை", "கொல்லப்பட்டார்" என்ற சொற்களைத் தவிருங்கள். வழக்கு முடியாத நிலையில் அது விபத்தா, கொலையா என்று தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். ஓட்டுநர் பெயர், வண்டி எண், அவர் எந்த ஊர் என்பதெல்லாம் கல்லில் வரவே கூடாது. சாதிப் பெயரும் வேண்டாம்.

விவரங்களைச் செய்தித்தாளிலிருந்து எடுக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், பணிப்பதிவேடு மூன்றையும் குடும்பத்தார் மூலமும் நிலையம் மூலமும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரவுச் சம்பவங்களில் வழக்கமாக வரும் சிக்கல் தேதி. 11.45-க்கு மோதி, ஆம்புலன்ஸில் போய், நள்ளிரவு தாண்டி மருத்துவமனையில் உயிர் பிரிந்திருந்தால் சம்பவத் தேதி ஒன்று, இறப்புத் தேதி வேறு. மேலே கொடுத்த மாதிரியில் சம்பவத் தேதி வருகிறது. இறப்புத் தேதிதான் வேண்டும் என்று குடும்பத்தார் சொன்னால் வாக்கியத்தையே மாற்ற வேண்டும், தேதியை மட்டும் மாற்றினால் தப்பாகிவிடும். முதலெழுத்தும் அப்படித்தான். பதிவேட்டில் ஆங்கிலத்தில் "எஸ்" என்று இருக்கும். அது சு., ச., சி., செ., ஸ்ரீ. எதுவாகவும் இருக்கலாம். அப்பா பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

சிங்க முத்திரை, தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை, காவல் துறைச் சின்னம் இவற்றை நீங்களாகச் செதுக்க வேண்டாம். அரசு முத்திரையைத் தனியார் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. துறையே எழுத்தில் அனுமதித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சண்டை நிச்சயம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: யார் பெயர் எங்கே? திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை தந்தவர் என்று பதினைந்து பெயர் சேர்ந்து, இறந்தவர் பெயரைவிடப் பெரிதாக நிற்கும் கல்வெட்டுகள் நம் ஊரில் ஏராளம். முன் முகத்தில் அவர் பெயர் ஒன்றுதான் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். மற்றவை கல்லின் பின்புறம், அரை அங்குல எழுத்தில். டெல்லி சாணக்யபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் இறந்த 34,000-க்கும் மேற்பட்ட காவலர்களின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. பெயர் மட்டுமே தாங்கும் அந்தச் சுவர் போதுமான அளவு பேசுகிறது.

கல்லுக்கு வருவோம். பளிங்கு வேண்டாம். மழைநீரின் லேசான அமிலத்துக்கே அது கரையும், பத்துப் பதினைந்து ஆண்டில் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், மஞ்சளும் பூக்கும். காஷ்மீர் ஒயிட் போன்ற வெள்ளை கிரானைட்டிலும் நீர் ஊறும், அதில் உள்ள சிவப்புப் புள்ளிகளைச் சுற்றித் துருக்கறை வரலாம். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருப்பு போன்ற நெருங்கிய மணியுள்ள கருப்பு கிரானைட் எடுங்கள். பாலிஷ் போட்ட கருப்பு முகத்தில் எழுத்து வெட்டிய இடம் தானாகவே வெளிர் சாம்பல் நிறத்தில் தெரியும். பெயின்டே வேண்டாம். தங்கப் பெயின்ட் இரண்டு மூன்று கோடையில் உதிரத் தொடங்கும், பாதி உதிர்ந்த எழுத்தைப் போல அசிங்கம் வேறில்லை.

கருப்பில் ஏமாற்றும் உண்டு. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பு என்று விற்பார்கள், வெளியில் வைத்தால் ஓராண்டில் திட்டுத் திட்டாக வெளுக்கும். வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்து பாலிஷ் முகத்தை அழுத்தித் தேயுங்கள். துணியில் கருமை வந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். பிறகு முகம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காய விடுங்கள். எல்லாம் காய்ந்த பிறகும் எங்காவது நூல் போல ஈரக்கோடு நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே உடைந்தது பொத்தென்று சொல்லும்.

அளவு: உயரம் ஐந்தரை அடி, அகலம் இரண்டரை அடி, கனம் 4 அங்குலம். இதில் ஒன்றரை அடி பீடத்துக்குள் போகும், நாலு அடி வெளியே தெரியும். எடை சுமார் 385 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். முக்காலி நிறுத்தி, ஒரு டன் தூக்கும் செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி), நைலான் பெல்ட் போட்டுத் தூக்க வேண்டும். இரும்புச் சங்கிலி நேராகப் பட்டால் விளிம்பு சிதறும்.

எழுத்து வெட்ட இரண்டு முறை. உளியால் வெட்டுவது அழகு, மாமல்லபுரம் பக்கம் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நாள் பிடிக்கும். மற்றது ரப்பர் ஸ்டென்சில் ஒட்டி மணல் பீய்ச்சுவது. உங்கள் நிதிக்கும் நேரத்துக்கும் இது சரி. ஆழம் 3 மில்லிமீட்டர் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒரு மில்லிமீட்டரில் நிறுத்திப் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள், முதல் நாள் வித்தியாசம் தெரியாது.

தமிழ் எழுத்துக்கென்று சில கவனங்கள் உண்டு. ண, ணு, ஞ, ஐ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் துண்டு மணல் வேகத்தில் பிய்ந்து போனால், சுழி அடைபட்டுக் குழியாகிவிடும். அதனால் வாசகத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்குக் குறைந்த எழுத்து வேண்டாம், கோட்டின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், தடித்த எழுத்துருவும் வேண்டாம். பெயர் மட்டும் 2 அங்குலம். இந்த அளவில், ஓரம் மூன்று அங்குலம் விட்டால் ஒரு வரிக்கு 18 முதல் 20 எழுத்து வரும். "சோதனைப் பணியில்" போன்ற நீண்ட சொற்களை வரிக்கடைசியில் உடைக்காமல் அடுத்த வரிக்குத் தள்ளுங்கள், வலது ஓரம் ஏறி இறங்கி இருந்தால் ஒன்றும் குறையில்லை. மேல் வரியின் "பூ", "ரு" கீழே இறங்கி, கீழ் வரியின் "கீ", "தி" மேலே ஏறி முட்டிக்கொள்ளும். வரிக்கு வரி எழுத்து உயரத்தைப்போல 1.8 மடங்கு இடம் விடுங்கள்.

தவறு பெரும்பாலும் கணினியில்தான் நுழைகிறது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட். பல கடைகளில் வடிவமைப்பது பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில். மாற்றும்போது "கொ" என்பதன் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி காணாமல் போகும், காலும் "ர"-வும் ஒன்றுபோல இருக்கும் எழுத்துருவில் யாருக்கும் கண்ணில் படாது. வாசகத்தை வடிவமைத்து முடித்ததும் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றச் சொல்லி, ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் வழக்கம்போலப் படிக்கட்டும். இன்னொருவர் கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகப் படிக்கட்டும். நேராகப் படிக்கும்போது மனம் தானாகத் திருத்திக்கொள்ளும் பிழை பின்னோக்கிப் படிக்கும்போது மாட்டும். அந்தக் காகிதத்திலேயே குடும்பத்தார் கையெழுத்து வாங்குங்கள். கல்லில் விழுந்த பிழைக்கு மருந்து ஒன்றே ஒன்று, முகம் முழுவதையும் இழைத்து மறுபடி பாலிஷ் போடுவது. அதன் செலவு புதுக் கல்லுக்கு அருகில் வரும்.

படம் வேண்டும் என்று வீட்டார் விரும்பினால் லேசர் செதுக்கல் போடலாம், கருப்பு முகத்தில் நன்றாக வரும். வாட்ஸ்அப்பில் வந்த படம் உதவாது. 8-க்கு 10 அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3000 பிக்சலாவது வேண்டும், மூலப்படத்தை வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். கைப்பட்டையைப் பாருங்கள்: முதல்நிலைக் காவலராக இருந்தபோது எடுத்த படத்தில் இரண்டு பட்டை இருக்கும், தலைமைக் காவலருக்கு மூன்று. கீழே ஒரு பதவியும் மேலே ஒரு பட்டையுமாக நின்றால் துறையினர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

பீடத்துக்கு நாலு அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டு அடி ஆழம் தோண்டுங்கள். அடியில் 40 எம்.எம். ஜல்லியில் 1:4:8 கலவை (சிமென்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) 6 அங்குலம். அதன்மேல் 20 எம்.எம். ஜல்லியில் 1:2:4 கலவை, தரைமட்டத்துக்கு மேல் அரை அடி வரும்வரை. நடுவில் 2 அடி 10 அங்குலத்துக்கு 8 அங்குலம், ஒன்றரை அடி ஆழத்தில் மரப்பெட்டி வைத்துக் குழி விடுங்கள். குழியைச் சுற்றி 8 எம்.எம். கம்பியில் இரண்டு வளையம் போட்டால் மூலையில் விரிசல் வராது. குழியின் அடியிலிருந்து மண் வரை ஓர் அங்குல பி.வி.சி. குழாயை நிறுத்தியே கான்கிரீட் போடுங்கள், இல்லையென்றால் மழைநீர் அதில் தொட்டி கட்டும். மொத்தம் நான்கு மூட்டை சிமென்ட் போதும். கரிசல் மண் என்றால் இந்த ஆழம் போதாது. நாலு அடி தோண்டி, பாதி வரை கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்த பிறகு மேலே சொன்னதைத் தொடங்குங்கள். கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண்ணில், ஆழமில்லாத பீடம் இரண்டு ஆண்டில் சாயும்.

பதினான்கு நாள் நீராற்றிய பிறகே கல்லை இறக்க வேண்டும். இறக்கித் தூக்குக்குண்டு பார்த்து, ஆப்பு வைத்து, இடைவெளியில் பொடிஜல்லியும் மணலும் இறுகக் கெட்டித்து, மேல் மூன்று அங்குலத்துக்கு மட்டும் 1:6 சிமென்ட் மணல் கலவையை வெளிச்சரிவாகப் பூசுங்கள். முழுக்கச் சிமென்ட் ஊற்றினால் இரண்டு தொல்லை. சிமென்டின் உப்பு கல்லில் ஏறிக் கீழ்ப்பகுதியில் வெள்ளை பூக்கும். நிலையம் இடம் மாறும் நாளில் கல்லை உடைக்காமல் எடுக்கவும் முடியாது. கொத்தனார் கல்லில் துளைபோட்டு இரும்புக் கம்பி சொருகலாம் என்பார், வேண்டாம். அந்தக் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது கல்லின் மூலையைப் பிளந்துவிடும்.

பாலிஷ் முகம் மேற்கே பார்த்தால் மாலை வெயில் கூசி ஒன்றும் படிக்க முடியாது. வடக்கு அல்லது கிழக்கு நல்லது. பக்கத்தில் புல்வெளிக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தெளிப்பான் இருந்தால் ஆறு அடி தள்ளி வையுங்கள், உப்புத் திட்டு படிந்தால் தேய்த்து எடுப்பது கடினம். நம் மக்கள் கல்லைக் கண்டால் சூடம் ஏற்றுவார்கள், எண்ணெய் வைப்பார்கள், குங்குமம் இடுவார்கள். தடுக்க நினைக்க வேண்டாம், இடம் கொடுங்கள். இரண்டு அடி முன்னால் விளக்குக்கென்று சின்ன மாடக்கல் ஒன்று, மாலைக்குப் பீடத்தின் இரு பக்கமும் எவர்சில்வர் கொக்கி. சூடத்தின் சூடு நேராகப் படும் இடத்தில் பாலிஷ் செதில் செதிலாகப் போகும்.

நாள் கணக்கு இது. செப்டம்பருக்குள் குடும்பத்தாரின் சம்மதம், அக்டோபர் முதல் வாரம் கண்காணிப்பாளரிடம் மனு, அனுமதிக்கு இரண்டு மாதம் விடுங்கள், டிசம்பரில் வாசகம் கையெழுத்து, ஜனவரியில் கல்லும் எழுத்தும், ஜனவரிக் கடைசியில் பீடம், பிப்ரவரி மூன்றாம் வாரம் கல் நடுதல். அனுமதி வராமல் கல்லுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மார்ச்சுக்கு முன்னால் அக்டோபர் 21 வருகிறது, அதை மறந்துவிட வேண்டாம். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டதில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் பத்துப் பேர் இறந்த நாள் அது. காவலர் வீரவணக்க நாளாக நாடு முழுக்க அனுசரிக்கிறார்கள். முந்தைய செப்டம்பர் 1 முதல் இந்த ஆகஸ்ட் 31 வரை பணியில் இறந்தவர்களின் பெயர்கள் அன்று வாசிக்கப்படும். உங்கள் காவலர் மார்ச்சில் இறந்ததால் இந்த ஆண்டுப் பட்டியலில் வர வேண்டும். பெயர் அதில் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லையா, மாவட்ட ஆயுதப்படை மைதானத்து நிகழ்ச்சிக்குக் குடும்பத்தாருக்கு அழைப்புப் போனதா என்று கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். துப்பாக்கி முழக்கம் இருக்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

திறப்பு நிகழ்ச்சி காலை 8 மணிக்குள், நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாமல். மூன்று பேர் பேசினால் போதும், அவரோடு இரவு ரோந்து போன ஒருவர் அதில் இருக்கட்டும். மனைவியைப் பேசச் சொல்லி மைக்கை நீட்டாதீர்கள். அவர் பேச விரும்பினால் அவரே சொல்வார். சம்பவத்தின் சிசிடிவி காட்சியைத் திரையிடுவது, ஃப்ளெக்ஸில் போடுவது இரண்டும் கூடவே கூடாது. கல்லை மூட வெள்ளைத் துணி போடுங்கள். தேசியக் கொடியால் சிலையையோ நினைவுச் சின்னத்தையோ மூடுவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நல்லெண்ணத்தில் செய்தாலும் குற்றம்தான். துணியை மேலிருந்து இழுக்கும் கயிறு கல்லின் மூலையில் சிக்காமல் முந்தின நாளே இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்.

பணத்துக்கு இரண்டு பேர் கையெழுத்திடும் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கல்லுக்கென்று வாங்கியதும் பிள்ளைகள் படிப்புக்கென்று வாங்கியதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. குடும்பத்துக்கு அரசு எவ்வளவு கொடுத்தது என்பதை மேடையில் யாரும் பேச வேண்டாம்.

நாற்பது சொல்லில் அடங்காதது நிறைய இருக்கும். அதற்கு ஒரு கோப்பு போடுங்கள். அவரோடு வேலை செய்தவர்கள், அவர் சண்டை தீர்த்து வைத்த கடைக்காரர்கள், பள்ளித் தோழர்கள் என்று பத்துப் பேரிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, யார் யார் என்று உடனே எழுதி வையுங்கள். ஒரு பிரதி வீட்டுக்கு, ஒன்று நிலையத்துக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு. வீட்டில் இருக்கும் சீருடையைக் கஞ்சி போடாமல் துவைத்து நிழலில் காய வைக்கச் சொல்லுங்கள். கஞ்சி பூச்சியை வரவழைக்கும். பித்தளைப் பொத்தானையும் பெயர்ப்பட்டையையும் கழற்றித் தனியாக வையுங்கள், இல்லையென்றால் துணியில் பச்சைக் கறை ஏறும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றினால் போதும். சம்பவத்தன்று அவர் அணிந்திருந்தவை வழக்குச் சொத்தாக நீதிமன்றக் காவலில் இருக்கும். அவற்றைக் கேட்டு இப்போது அலைய வேண்டாம், வழக்கு முடிந்தபின் குடும்பத்தார் மனுச் செய்து பெறலாம்.

பராமரிப்புக்கு மொத்த நிதியில் பதினைந்து சதவீதத்தைத் தொடாமல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரும் மென்மையான பிரஷும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், பீடத்து மேல்பூச்சில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அடைக்க வேண்டும். இதைச் சங்கத்தில் யார் செய்வது என்று பெயர் குறிப்பிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள், பொறுப்பாளர் மாறும்போது அந்தப் பெயரும் மாறட்டும்.